கவிழ்த்துப் பார்ப்பவன்

சந்தையில் எந்த விளையாட்டுக் காரைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாக அதைக் கவிழ்ப்பேன். நிறம் என்ன, கதவு திறக்கிறதா, கண்ணாடி வெடித்திருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. போன ஒக்டோபரில் ஜேர்மனியின் லூடன்ஷைட் பக்கத்துப் பழைய சாமான் சந்தையில் மேசைக்குப் பின்னால் நின்ற கிழவர் என்னையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "என்ன, ஒயில் ஒழுகுதோ எண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டார். அவர் கேட்டது இந்தப் பக்கத்துச் சாவர்லாந்து ஜேர்மனில். என் காதில் விழுந்தது இப்படித்தான்.

கையில் இருந்தது ஸீக்கு என்ற கொம்பனி செய்த விளையாட்டு ஹனொமாக் உழவு இயந்திரம், 1960களின் சாமான். நிறம் பாதி உரிந்து, ஸ்டியரிங் போய், முன்சில்லு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியோடு புதுசாக இருந்திருந்தால் யாராவது கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இது எவனோ ஒரு பொடியன் உண்மையாகவே மண்ணை உழுத வண்டி. சில்லுக்குப் பின்னால் அந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது. ஆறு யூரோ சொன்னார், நாலுக்குத் தந்தார்.

வீட்டில் இந்தக் கொம்பனியின் பெயரே எனக்கு எதிரி. ஜேர்மன்காரர் வாயில் அது ஸீக்கு. மனைவியின் காதில் அது சீக்கு. "இஞ்சேருங்கோ, இன்னொரு சீக்குக் காரும் வந்திட்டுதோ?" என்பாள். அலுமாரியில் மூன்று தட்டு, கட்டிலுக்கடியில் நாலு பெட்டி. கேட்கத்தான் செய்வாள்.

தொடங்கியது மகனுக்காக. 1997இல் அவனுக்கு மூன்று வயது. சந்தையில் ஒரு மார்க்குக்குப் பழைய பச்சை லொறி கிடைக்கும்போது கடையில் போய்ப் புதுசு வாங்குவானேன்? அன்றிரவு அவன் படுத்த பிறகு தரையில் கிடந்த லொறியை எடுத்து, ஏனென்று தெரியாமல், கவிழ்த்தேன். அடியில் நாலு வட்டத் தழும்புகள். எங்கள் ஊர் ஆட்களின் கையில் இருக்கிற அம்மைப்பால் தழும்பு மாதிரி. பகல் முழுக்க மெசினில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே தழும்பு. அடுத்த கிழமை சந்தைக்குப் போனபோது மகனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் துத்தநாகம் வார்க்கிறவன். 1989இல் இங்கே ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், இந்தப் பள்ளத்தாக்குகளில் அப்படிப் பல உண்டு. விளக்குகளின் பிடி, கதவுக் கைபிடி, நிஜக் கார்களின் சின்னச் சின்ன உறுப்புகள் என்று எதெதையோ வார்த்திருக்கிறேன். விளையாட்டுக் கார் ஒன்றைக்கூட வார்த்ததில்லை. ஆனால் முறை ஒன்றேதான். சட்டியில் 420 பாகை அளவில் உலோகம் உருகிக் கிடக்கும். அதற்குள் அமிழ்ந்திருக்கிற வளைந்த குழாயை வாத்துக் கழுத்து என்போம். தண்டு கீழே இறங்கினால் உலோகம் அந்தக் கழுத்து வழியாக ஏறி உருக்கு அச்சுக்குள் பாயும். கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். அச்சு இரண்டாகப் பிரியும். ஊசிகள் முன்னால் வந்து வார்ப்பை வெளியே தள்ளும். தொழிற்சாலையில் அந்த ஊசிக்கு ஜேர்மன் சொல்லைத்தான் சொல்வோம். தள்ளூசி என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். சூடான உலோகத்தில் ஊசி முட்டிய இடம்தான் அந்த வட்டத் தழும்பு. வெளியே தெரியாத இடத்தில் அது விழும்படி அச்சுக்காரர் பார்த்துக்கொள்வார். காரில் வெளியே தெரியாத இடம் என்றால் வயிறுதான்.

அதனால் காரின் மேல்பக்கம் வாங்குகிறவருக்கு, அடிப்பக்கம் செய்தவருக்கு. உலோகம் எந்தப் பக்கத்தால் உள்ளே வந்தது, அச்சின் இரண்டு பாதியும் எங்கே சந்தித்தன, அச்சு புதுசா தேய்ந்ததா எல்லாம் அங்கே தெரியும். ஓரங்களில் மெல்லிய பிசிறு தொடங்கியிருந்தால் அந்த அச்சு ஏற்கனவே கனக்க வார்த்துக் களைத்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு ஓப்பல் என்னிடம் இருக்கிறது. பிசிறை யாரோ அரத்தால் இரண்டு இழுவையில் எடுத்திருக்கிறார்கள், மூன்றாவது இழுவைக்குப் பொறுமை இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்நேரம் வார்த்ததாக இருக்கும். எனக்கு அந்த அவசரம் தெரியும்.

இந்த ஊர்களுக்கு உலோகம் பழகிய சாமான். அல்டெனாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கம்பி இழுத்தார்கள். லூடன்ஷைட் பொத்தான் ஊர். சீருடைகளுக்கான உலோகப் பொத்தான்களும் பட்டிக் கொளுக்கிகளும் இங்கிருந்து போயின. அலுமினியம் புதுசாக வந்தபோது அதையும் ஓடிப் பிடித்தவர்கள் இவர்கள். முதல் செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு எலும்புக்கூடு செய்து கொடுத்த கார்ல் பெர்க் இந்தப் பக்கத்து ஆள்தான். ஆகவே ரிச்சர்ட் ஸீப்பர் 1921இல் லூடன்ஷைட்டில் வார்ப்புத் தொழில் தொடங்கியதில் புதினம் ஒன்றுமில்லை. அப்போது கார் ஏது? கரண்டி, சாம்பல் தட்டு, சட்டையில் குத்துகிற சின்னம், இப்படியான சாமான்கள்தான்.

போருக்குப் பிறகு பிளாஸ்ரிக் காலம். ஸீப்பரின் ஸீ, பிளாஸ்ரிக்குக்கு ஜேர்மனில் சொல்கிற குன்ஸ்ட்ஷ்டொஃப் என்பதன் கு. இரண்டும் சேர்ந்து ஸீக்கு. 1950களில் மார்ஜரின் வாங்கினால் இனாமாகச் சின்னப் பிளாஸ்ரிக் உருவம் ஒன்று கிடைக்கும், குழந்தைகள் அவற்றைச் சேர்ப்பார்கள். அந்த உருவங்கள் செய்தவர்களில் ஸீக்குவும் ஒன்று. பிறகு அறுபதில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்ரிக் கார்கள். 1963இல்தான் துத்தநாகத்துக்கு மாறினார்கள். பெயரை மாற்றவில்லை. அதனால் அன்றுமுதல் இன்றுவரை அந்த உலோகக் கார்கள் வயிற்றில் 'பிளாஸ்ரிக்' என்று எழுதிக்கொண்டு ஓடுகின்றன. வாங்குகிறவர்கள் யாருக்கும் இது பகிடியாகத் தெரிவதில்லை.

1963க்கும் 1969க்கும் இடைப்பட்ட ஸீக்குதான் எனக்கு ஸீக்கு. ஓப்பல், ஃபோர்ட் டவுனுஸ், மெர்சிடிஸ் 600, வோக்ஸ்வாகன் வண்டு என்று அந்தக் காலத்து மேற்கு ஜேர்மன் தெரு முழுக்க அதில் உண்டு. கதவு திறக்கும், சில்லின் அச்சுக்கு ஸ்பிரிங் உண்டு, சிலவற்றின் முன்விளக்கில் பட்டை தீட்டிய சின்னக் கண்ணாடிக் கல் பதித்திருக்கும். மேசை விளக்கைப் போட்டால் மூக்குத்தி மாதிரி மினுங்கும். 1968இல் அமெரிக்காவில் ஹொட் வீல்ஸ் வந்தது. பொடியன்களுக்கு மினுக்கத்தை விட வேகம் பெரிதாகிவிட்டது. அடுத்த வருடமே ஸீக்குவும் விறுவிறென்று ஓடுகிற மெல்லிய சில்லச்சுக்கு மாறியது. வியாபாரத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் பந்தயக் காரின் சில்லு மாட்டிய மெர்சிடிஸ் 600 என்பது வேட்டிக்கு ஓட்டச் சப்பாத்து போட்ட மாப்பிள்ளை. ஒன்று வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். 1975க்குப் பிறகு அளவும் ஐம்பத்தைந்தில் ஒன்று என்று பெருத்தது. அதற்கு மேல் நான் அதிகம் போவதில்லை.

சில்லு போலவே வயிற்றில் உள்ள எழுத்தும் வயது சொல்லும். போர் முடிந்த சில வருடங்களில் நூரெம்பெர்க்கில் செய்த விளையாட்டுச் சாமான்களில் 'அமெரிக்க வலய ஜேர்மனியில் செய்தது' என்று இருக்கும். ஊர் அப்போது அமெரிக்கப் படையின் கையில். பிறகு 'மேற்கு ஜேர்மனி' வரும். 1990க்குப் பிறகு மேற்கு போய்விடும், வெறும் ஜேர்மனி. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீனா. காருக்கு ஒரு மாற்றமும் இல்லை, அது பிறந்த நாட்டுக்குத்தான் பெயர் மாறிக்கொண்டே வந்தது. நீல நிற அகதிப் பயணப் பத்திரத்தோடு எல்லைகளில் நின்றவன் என்பதாலோ என்னவோ, இந்த ஒரு வரியை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பேன்.

நூரெம்பெர்க் என்றதும் ஷூக்கோவைச் சொல்லாமல் விட்டால் மற்றச் சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். ஹைன்ரிஹ் மியூலரும் ஹைன்ரிஹ் ஷ்ரையரும் 1912இல் தொடங்கியது. ஷ்ரையர் அன்ட் கோ சுருங்கி ஷூக்கோ. சாவி கொடுத்தால் ஓடுகிற தகரக் கார்களில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 1936இல் வந்த ஸ்டூடியோ என்ற மெர்சிடிஸ் பந்தயக் காரின் சில்லை, அதோடு வருகிற குட்டி ஆயுதங்களால் கழற்றிப் பூட்டலாம். எல்லாம் வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் தகரம் என் தொழில் இல்லை. தகரத்தை மடித்தவருடைய கையை எனக்கு வாசிக்கத் தெரியாது.

ஷூக்கோவில் என்னை இழுப்பது 1950களின் கடைசியில் வந்த பிக்கோலோ மட்டும். தொண்ணூறில் ஒரு பங்கு அளவு, பெருவிரல் நீளம், ஆனால் முழுக்கட்டி உலோகம். மூடிய கார்களில் கண்ணாடி இருக்க வேண்டிய இடமும் உலோகம். உள்ளே இருக்கையும் இல்லை, உள்ளே என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கையில் வைத்துப் பாருங்கள் என்பேன். பார்வைக்குப் புளியங்கொட்டை, பாரம் தராசுப் படி. வார்க்கிறவனுக்குத் தெரியும், மெல்லிய தகடு வார்ப்பதை விட இந்தத் தடித்த கட்டி கரைச்சல். வெளியே இறுகிவிடும், நடுவில் இறுகும்போது சுருங்கிப் பொள்ளல் விழும். அதை மேலே தெரியாமல் வார்த்தவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. 1976இல் ஷூக்கோ முறிந்தது. சில வருடம் அலைந்த பிறகு பெயர் ஃபூர்த் நகரத்துக் காமாவிடம் போனது. காமாவும் 1882இல் தொடங்கிய பழங்குடும்பம்தான், அவர்களின் கார்களும் என்னிடம் ஏழெட்டு உண்டு, அதைப் பற்றி இன்னொரு நாள். ஷூக்கோ பெயரில் இப்போதும் கார் வருகிறது, புதுப் பிக்கோலோவும் வருகிறது. நான் வாங்குவதில்லை.

சேகரிப்பாளர் கூடுகிற மண்டபங்களில் ஒரு மந்திரம் உண்டு: ஓ-ஃபௌ-பே. மூலப் பெட்டியோடு என்பதன் சுருக்கம். பெட்டி இருந்தால் விலை ஏறும். சில இடங்களில் காரை விடப் பெட்டிக்குத்தான் மவுசு. அதற்கு எதிர்ப்பதம் பெஷ்பீல்ட், அதாவது விளையாடப்பட்டது. வைத்தியர் வருத்தத்தின் பெயர் சொல்கிற குரலில் அதைச் சொல்வார்கள். நான் போய் நிற்பது அந்த மேசையில். மலிவு என்பது முதல் காரணம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் விளையாடுவதற்குச் செய்த சாமான் விளையாடப்பட்டிருக்கிறது என்பதில் குறை எங்கே இருக்கிறது? என்னிடம் உள்ள ஒரு வண்டின் கூரையில் நகப்பூச்சு அடித்திருக்கிறது, தீயணைப்பு வண்டி ஆக்குவதற்காக. ஒரு ஃபோர்டின் வயிற்றில் ஊசியால் ஒரு பெயர் கீறியிருக்கிறது. சகோதரங்களுக்குள் அடிபாடு வந்த வீடாக இருந்திருக்கும். இவற்றுக்கு நான் புது நிறம் அடிப்பதில்லை. வெந்நீரும் சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும்தான். சில்லின் அச்சுக் கம்பியில் துரு இருந்தால் ஒரு சொட்டு ஒயில். செத்துப்போன ரயருக்குப் பதில் புது ரயர் விற்கிறார்கள், அதையும் மனம் இல்லாமல்தான் போடுவேன்.

இனி ஈயத்தின் கதை.

நான் சேர்ந்த முதல் கிழமை. மெசினைப் பற்றிச் சொல்லித் தருவதற்கு முன்னால் மைஸ்டர், அதாவது எங்கள் வேலைத்தலைவர், என்னைச் சட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சில்லறை, திறப்பு. மீன் பிடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். எனக்கு அப்போது ஜேர்மன் அரைகுறை. இந்த மனிசன் ஏன் மீனைப் பற்றிக் கதைக்கிறார் என்று முழித்தேன். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டைத்தான் சொன்னார். ஈயம் இந்த அறைக்குள் வரக்கூடாது. ஈயம் பற்றவைத்த கம்பி வரக்கூடாது. வெள்ளீயம் பூசிய தகரம் வரக்கூடாது. தமிழில் இரண்டுமே ஈயம் என்பது எவ்வளவு வசதி: காரீயமும் சரி வெள்ளீயமும் சரி, இரண்டு ஈயமும் துத்தநாகத்துக்கு ஆகாது. கட்மியமும் ஆகாது.

சில மாதம் கழித்து ஒரு இரவு வேலையில் ஒருவன் கழிவுத் துண்டுகளோடு பற்றவைத்த பித்தளைத் துண்டு ஒன்றையும் சட்டிக்குள் போட்டுவிட்டான். கைக்குள் அடங்குகிற துண்டு. மைஸ்டர் மெசினை நிற்பாட்டி, சட்டி முழுவதையும் இறைத்து ஒதுக்கச் சொன்னார். அன்றிரவு வார்த்த பெட்டிகளும் போயின. வார்ப்புகளை எடுத்துப் பார்த்தேன்: பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. அவருக்கு விசர் என்று நினைத்தேன். நூற்றுக்கு 0.005 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று பிறகு காட்டித் தந்தார். ஒரு தொன் உலோகத்தில் 50 கிராம். "இண்டைக்கு ஒண்டும் தெரியாது. நீ பென்ஷன் எடுத்த பிறகு தெரியும்" என்றார்.

துத்தநாகத்தில் நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம் கலந்துதான் வார்க்கிறோம். துத்தநாகத்துக்கு ஜேர்மனில் ட்சிங்க், பிறகு அலுமினியம், மக்னீசியம், செம்புக்குக் குப்ஃபர். இவற்றின் தலையெழுத்துகளைச் சேர்த்துத்தான் இந்தக் கலவைக்கு ட்சமாக் என்று பெயர். சுத்தமாக இருக்கும்வரை அருமையான சாமான். ஈயம் கலந்தால், உலோகம் இறுகும்போது அது உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையில் உள்ள சந்துகளில் போய் ஒதுங்கிக்கொள்ளும். வருடக் கணக்கில் ஈரக்காற்று அந்தச் சந்துகள் வழியாக உள்ளே அரிக்கும். அரித்த இடம் ஊதும். வார்ப்பு நீளும், வளையும், வறண்ட குளத்துக் களி மாதிரி வெடிக்கும், கடைசியில் விரல் பட்டாலே உதிரும். ஜேர்மன்காரர் இதை ட்சிங்க் பெஸ்ட் என்பார்கள், துத்தநாகக் கொள்ளைநோய். போருக்கு முன்னான வார்ப்புச் சாமான்களில் இது அதிகம். கழிவை எல்லாம் வாரிப்போட்டு உருக்கிய இடங்களில் வேறென்ன நடக்கும்?

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2009இல் ஒரு மண்டபத்தில் 1930களின் சின்னப் பந்தயக் கார் ஒன்றை 40 யூரோ கொடுத்து வாங்கினேன். விளையாடப்பட்டதுதான், ஆனால் முழுசு. வெள்ளி நிறம், மூக்கு நீண்டது, ஓட்டுநரின் தலை மட்டும் வெளியே. யார் செய்தது என்று சொல்ல மாட்டேன். வயிற்றைப் பார்த்தேன், வழக்கம்போல. ஒரு தலைமயிர்க் கோடு தெரிந்தது. அச்சுக் கோடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருடம் அச்சுக் கோடு பார்த்தவனுக்கு அது அச்சுக் கோடு இல்லை என்று தெரியாதா? ஆசை. அலுமாரியில் இடமில்லாமல் கீழே நிலவறையில், உடுப்புக் கழுவுகிற மெசினுக்கு மேல் தட்டில் வைத்தேன். ஈரத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை.

அதற்குப் பிறகு அதை மறந்துவிட்டேன். 2021 டிசம்பரில் இங்கே ராமெட பள்ளத்தாக்குப் பெரும்பாலத்தை ஒரே நாளில் மூடினார்கள். ஏ45 நெடுஞ்சாலை அறுந்து, பார லொறி எல்லாம் லூடன்ஷைட் தெருக்களுக்குள் இறங்கிவிட்டது. பாலத்தின் உருக்கில் பிதுக்கம் கண்டுபிடித்தார்களாம். எத்தனையோ தரம் அதன் மேலால் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை. 2023 மே மாதம் வெடிவைத்து விழுத்தினார்கள். செய்தியில் அந்தப் பிதுக்கத்தைப் பற்றிக் கேட்ட இரவுதான், ஏன் என்று தெரியாது, நிலவறைக்கு இறங்கிப் போனேன்.

கார் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. நாலு சில்லில் இரண்டுதான் தட்டில் முட்டியது. உடம்பு முழுக்கக் கோடு. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்; வாங்கிய அன்று குறித்து வைத்த நீளத்தை விட இரண்டு மில்லிமீற்றர் கூடியிருந்தது. கார் வளர்ந்திருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு கன நேரம் நின்றேன். யார் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பான், எதைப் போட்டிருப்பான்? என் வயதுப் பொடியனாக இருந்திருப்பான். அன்றைக்கு அவனுடைய வார்ப்பும் பளபளவென்றுதான் வந்திருக்கும். மைஸ்டர் இறந்து அப்போது ஒன்பது வருடம்.

இதற்கு மருந்து இல்லை. எண்ணெய் பூசலாம், பசை ஊற்றலாம் என்று சொல்வார்கள், எல்லாம் மனத் திருப்திக்கு. ஆனால் இது தொற்று இல்லை. பெயர்தான் கொள்ளைநோய், பக்கத்தில் இருக்கிற காருக்கு வராது, அதனதன் வயிற்றில் இருந்தால்தான் வரும். இதை மண்டபங்களில் எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

அப்படியிருந்தும் அந்தக் காரை ஒரு டெனிஷ் பிஸ்கட் தகரப் பேணிக்குள் பஞ்சு வைத்து மூடி, மற்றவற்றிலிருந்து விலத்தி, மேல்மாடியில் தனியாக வைத்திருக்கிறேன். மனைவி கேட்டாள், "தொத்தாது எண்டு சொன்னியள், பிறகேன் தள்ளி வைக்கிறியள்?" பதில் இல்லை. வருடத்துக்கு ஒரு தரம், தைப்பொங்கல் லீவில், திறந்து அளப்பேன். இந்த முறை அளக்க முடியவில்லை. மூடியைத் திறந்தபோது மூக்குத் துண்டு தனியாகக் கிடந்தது. உடைந்த இடம் கறுப்பாக, ஈரமண் மாதிரி இருந்தது. ஓட்டுநரின் தலை மட்டும் இன்னும் நேராக நிற்கிறது.